வாயிற்படியும் குடியுரிமையும்

ஓர் அரசு தன் குடிமக்களைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறிய அதன் அரசியல் சாசனத்தைப் படிக்கலாம். அதன் கட்டடங்களின் வாயிற்படிகளையும் படிக்கலாம். பல வேளைகளில் இரண்டாவது நூலே உண்மையை ஒளிக்காமல் உரைக்கிறது. அனைவரும் சமம் என்று சாசனம் முழங்கும். நீதிமன்றத்தின் முகப்பில் உயர்ந்து நிற்கும் பளிங்குப் படிகளோ, கால் வலுவுள்ளோர் மட்டுமே உள்ளே வரலாம் என்று சொல்லாமல் சொல்லும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விரு நூல்களுக்கும் இடையே நிலவிய முரண்பாட்டை அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் பல்லாண்டுகள் போராடித் திருத்தினர். அவ்வரலாறு கல், காரை பற்றியது மட்டுமன்று. ஒரு மனிதர் தம் அரசின் வாயிலில் குடிமகனாக நுழைகிறாரா, இரவலனாக நிற்கிறாரா என்னும் வினாவைப் பற்றியது. ஆதலின் அது நம் சிந்தனைக்கும் உரியது.

மறைத்து வைக்கப்பட்ட மக்கள்

1867-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சி ஒரு கட்டளையை நிறைவேற்றியது. நோயாலோ ஊனத்தாலோ உருக்குலைந்து, காண்போர் கண்ணுக்கு ஒவ்வாத தோற்றம் உடையோர் தெருக்களிலும் பொது இடங்களிலும் தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதே அக்கட்டளையின் சாரம். தெருவில் இரந்து வாழ்ந்த ஏழைகளை அகற்றுவதே அதன் முதல் நோக்கம். வேறு பல நகரங்களும் இவ்வழியைப் பின்பற்றின. சிகாகோ நகரம் 1881-இல் இயற்றிய இத்தகைய சட்டம் 1974-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. தெருவுக்கே வரக்கூடாது என்று விலக்கப்பட்டவர்களுக்கு அரசு அலுவலகத்தின் படிகளை எண்ணி யார் கவலைப்படுவார்?

இதைவிட வியப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-ஆம் ஆண்டில், தம் 39-ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு கால்களின் வலுவை இழந்தார். 1933 முதல் 1945-இல் இறக்கும் வரை அவரே அந்நாட்டின் குடியரசுத் தலைவர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வல்லரசைச் சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவர் ஆண்டார். அவர் செல்லும் இடங்களில் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. எனினும் அவர் சக்கர நாற்காலியில் இருப்பதைப் பொதுமக்கள் காணாதவாறு கவனமாகத் திட்டமிடப்பட்டது. தலைவருக்கு வழி செய்யப்பட்டது. ஆனால் அவ்வழி அவரைப் போன்ற பிற குடிமக்களுக்கு உரிமையாகத் திறக்கப்படவில்லை. மறைத்து வைக்கப்படும் குறையைக் கொண்டு ஓர் உரிமையை எவ்வாறு கேட்க இயலும்?

ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

மாற்றத்தின் விதை ஒரு பல்கலைக்கழகத்தில் விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய இளைஞர் பலர் அரசின் உதவியோடு உயர்கல்வி பயில விரும்பினர். இலினாய் பல்கலைக்கழகத்தில் திமோத்தி நூஜென்ட் என்னும் கல்வியாளர் 1948-ஆம் ஆண்டில் இவர்களுக்கெனத் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கினார். வகுப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழைய வேண்டுமாயின் கதவு எவ்வளவு அகலம் வேண்டும்? சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம்? இத்தகைய எளிய வினாக்களுக்கு அதுவரை எவரும் அளந்து விடை சொன்னதில்லை. நூஜென்டும் அவருடைய மாணவர்களும் அளந்தனர்.

அவ்வாய்வின் அடிப்படையில் 1961-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு கட்டட நெறிமுறையை வெளியிட்டது. ஆறே பக்கங்கள் கொண்ட சிறு ஏடு அது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கைவிடச் சாய்தளம் செங்குத்தாக இருத்தலாகாது. கதவு திறந்தால் குறைந்தது 32 அங்குல இடைவெளி கிடைக்க வேண்டும் என்பன போன்ற அளவுகள் அதில் இருந்தன. மூன்று அடி உயரமுள்ள வாயிலுக்கு 36 அடி நீளச் சாய்தளம் தேவை என்பதை இக்கணக்கால் அறியலாம். இதற்கு வேண்டுவது இடமும் முன்யோசனையுமே. கட்டும்போதே எண்ணினால் எளிது. கட்டி முடித்தபின் எண்ணினால் கடினம். ஆயினும் அந்நெறிமுறை தன்னளவில் சட்டமாகவில்லை. விரும்பினோர் ஏற்றனர், விரும்பாதோர் விட்டனர்.

அதற்குச் சட்டத்தின் வலுவைத் தர முனைந்தவர் ஹியூ கேலகர். இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இயங்கிய இவர், அலாஸ்கா மாநிலச் செனட்டர் பார்ட்லெட்டின் அலுவலகத்தில் பணியாற்றினார். நாட்டுக்கே சட்டம் இயற்றும் தலைநகரில் பணிபுரிந்த இவருக்கு, அத்தலைநகரின் பொதுக் கட்டடங்கள் பல எட்டாக் கனிகளாகவே இருந்தன. இவர் உருவாக்கிய வரைவை பார்ட்லெட் முன்மொழிய, 1968-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் அதில் கையொப்பமிட்டார். நடுவண் அரசின் பணத்தால் கட்டப்படும், மாற்றியமைக்கப்படும் கட்டடங்களும், அவ்வரசு வாடகைக்கு எடுக்கும் கட்டடங்களும் மாற்றுத்திறனாளிகள் புழங்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கட்டடத் தடைகள் சட்டம் என்பது அதன் பெயர். படிக்கட்டைத் தடை என்று ஓர் அரசு சட்டத்தில் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. அதுவரை குறை மனிதரின் காலில் இருப்பதாக எண்ணப்பட்டது. இனி அது கட்டடத்தில் இருப்பதாக எண்ணவும் வழி பிறந்தது.

ஆயின் அச்சட்டத்தை மீறினால் கேட்பார் எவர்? அதற்கெனத் தனி அமைப்பு எதையும் சட்டம் ஏற்படுத்தவில்லை. 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின்வழியே கண்காணிப்பு வாரியம் ஒன்று உருவாயிற்று. இதற்கிடையில் வாஷிங்டன் நகரின் சுரங்க இரயில் திட்டம் ஒரு சோதனையாக அமைந்தது. 1976-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தடம் திறக்கப்பட்டபோது, அத்தடத்திலேயே இருந்த கேலரி பிளேஸ் நிலையம் மட்டும் திறக்கப்படவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மின்தூக்கி அங்கு ஆயத்தமாகவில்லை. ஆகவே நீதிமன்றம் தடுத்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 15 வரை வண்டிகள் அந்நிலையத்தில் நில்லாமலே சென்றன. ஏடுகளில் உறங்கும் சட்டத்தை எழுப்ப, வழக்காடும் மனிதர் வேண்டும் என்பதற்கு இது சான்று.

புனித வாரத்தில் ஒரு முற்றுகை

மேற்சொன்ன 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். நடுவண் அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும், தகுதியுள்ள ஒருவரை அவருடைய ஊனத்தை மட்டும் காரணம் காட்டி விலக்கலாகாது என்பது அதன் கருத்து. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தால் 1964-இல் கிடைத்த குடியுரிமைச் சட்டத்தின் வாசகத்தைப் பின்பற்றி அது எழுதப்பட்டது. அதன் ஆழத்தை அன்று பலர் உணரவில்லை. உணர்ந்தபின் அஞ்சினர். மருத்துவமனை, பள்ளி, பல்கலைக்கழகம், நகராட்சி அலுவலகம் என நிதியுதவி பெறும் எல்லாவற்றையும் அது தொடும் அன்றோ? அதனைச் செயற்படுத்தும் விதிமுறைகள் வெளியாகாமல் ஆண்டுகள் கடந்தன. ஆட்சிகள் மாறின. 1977-இல் புதிதாகப் பொறுப்பேற்ற நலத்துறை அமைச்சர் ஜோசப் கலிஃபானோவும், மீண்டும் ஆய்வு செய்ய வேண்டும் என்றார்.

1977-ஆம் ஆண்டு ஏப்ரல் 5. அவ்வாண்டின் புனித வாரச் செவ்வாய்க்கிழமை. நாட்டின் பல நகரங்களில் நலத்துறை அலுவலகங்களின் முன் மாற்றுத்திறனாளிகள் திரண்டனர். தலைநகரில் அமைச்சரின் அலுவலகத்துக்குள் நுழைந்தவர்களுக்கு உணவு செல்ல விடப்படவில்லை. ஒரு நாளுக்குச் சற்று மேலாக அவர்கள் தாங்கினர். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது வேறு. ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் உள்ள நடுவண் அரசுக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் நுழைந்த நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேற மறுத்தனர். ஊனமுற்றோர் தெருவில் தோன்றலாகாது என்று 1867-இல் கட்டளையிட்ட அதே நகரம் அது.

அவர்களுக்கு முன்னின்று வழிகாட்டியவர்களுள் ஜூடித் ஹியூமன் ஒருவர். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளான இவரை, சக்கர நாற்காலி தீவிபத்துக் காலத்தில் இடையூறாகும் என்று கூறிப் பள்ளியில் சேர்க்க மறுத்தனர். பின்னாளில் ஆசிரியப் பணிக்கான உரிமம் தர நியூயார்க் நகரக் கல்வித்துறை மறுத்தபோது, 1970-இல் வழக்குத் தொடர்ந்து வென்றார். முற்றுகையின் நடைமுறைத் திட்டங்களை வகுத்த கிட்டி கோன், கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக இருந்த எட் ராபர்ட்ஸ் ஆகியோரும் உடன் நின்றனர்.

கால் அசைக்க இயலாதோர், பார்வையற்றோர், செவித்திறன் அற்றோர், பேச்சுத் தடையுள்ளோர் என அங்கு இருந்தோர் பலதிறத்தினர். இரவில் புரட்டிப் படுக்கவைக்கப் பிறர் துணை தேவைப்படுவோரும் அவர்களுள் இருந்தனர். வெறுந்தரையே படுக்கை. ஒவ்வொரு நாளும் உயிருக்கே இடர். தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டபோது, செவித்திறன் அற்றோர் சன்னலருகே நின்று சைகை மொழியால் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினர். குறை என்று உலகம் கருதியது அன்று அனைவருக்கும் கருவியாயிற்று. கறுஞ்சிறுத்தைகள் என்னும் கறுப்பின உரிமைக் கட்சியினர் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்தனர். நகரின் கிறிஸ்தவ சபைகளும் தொழிற்சங்கங்களும் துணை புரிந்தன. நகரத் தந்தை ஜார்ஜ் மொஸ்கோனியும் பரிவு காட்டினார். ஏப்ரல் 10, உயிர்ப்புப் பெருவிழாவும் அக்கட்டடத்துக்குள்ளேயே அவர்களுக்குக் கழிந்தது.

ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் அக்கட்டடத்திலேயே விசாரணை அமர்வு நடத்தினர். அரசின் சார்பில் வந்த அலுவலர், விதிமுறைகளில் செய்ய எண்ணிய மாற்றங்களை எடுத்துரைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி ஏற்பாடுகள் செய்யலாம் என்பது அவற்றின் போக்கு. தனியே வைத்துச் சமமாக நடத்துவோம் என்ற பேச்சைக் கறுப்பின மக்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுச் சலித்திருந்த நாடு அது. அதன் பொருள் என்ன என்பது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. பின்னர்ப் போராளிகளுள் ஒரு குழுவினர் தலைநகர் சென்றனர். சக்கர நாற்காலிகள் ஏறத்தக்க வண்டி கிடைக்காமையால், இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் உதவியோடு சரக்கு வண்டியின் இருண்ட பெட்டியில் அமர்ந்து நகருக்குள் பயணம் செய்தனர். அமைச்சரின் இல்லத்தின் முன் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றனர். ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ விதிமுறைகளில் மாற்றமின்றிக் கையொப்பமிட்டார். ஏப்ரல் 30 அன்று முற்றுகையாளர் பாடிக்கொண்டே வெளியே வந்தனர்.

அவ்விதிமுறைகள் நடைமுறை அறிவோடு எழுதப்பட்டவை என்பதையும் குறிப்பிட வேண்டும். பழைய கட்டடம் ஒவ்வொன்றையும் இடித்துக் கட்டு என்று அவை கூறவில்லை. கட்டடம் அன்று, அங்கு நடைபெறும் பணியே அனைவருக்கும் எட்ட வேண்டும் என்றன. மூன்றாம் தளத்து அலுவலகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினாலே போதும் என்றால் மாற்றுக. வேறு வழியில்லையெனில் கட்டடத்தைத் திருத்துக; அதற்கு மூன்று ஆண்டுகள் தவணை. புதிதாகக் கட்டுவதையோ தொடக்கம் முதலே தடையின்றிக் கட்டுக. செலவு தாங்காது என்று எழுந்த கூக்குரலுக்கு இதைவிட நிதானமான விடை இருந்திருக்க முடியாது.

தவழ்ந்து ஏறியோர்

நடுவண் அரசின் நிதியுதவி பெறாத இடங்களை 504-ஆம் பிரிவு தொடவில்லை. ஆகவே அனைத்தையும் தழுவும் சட்டம் ஒன்று வேண்டியதாயிற்று. அம்மசோதா நாடாளுமன்றத்தில் தாமதமானபோது, 1990-ஆம் ஆண்டு மார்ச்சு 12 அன்று அறுபதுக்கு மேற்பட்டோர் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேற்கு முகப்பில் தம் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டுவிட்டு, கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து படியேறினர். அவர்களுள் ஜெனிபர் கீலன் என்னும் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட அச்சிறுமி படிப்படியாக உடலை இழுத்து மேலேறிய காட்சியை நாடு கண்டது. இரக்கத்தைத் தூண்டும் காட்சியாக இது அமைந்துவிடுமோ என்று இயக்கத்தினருள்ளேயே சிலர் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று. இரக்கம் வேண்டா, உரிமை வேண்டும் என்போர், பிறர் இரங்கும் தோற்றத்தில் தம்மைக் காட்ட வேண்டியிருந்தது எத்துணைக் கசப்பான முரண்!

அவ்வாண்டு ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையின் தென்புறப் புல்வெளியில், ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடியிருக்க, குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டத்தில் கையொப்பமிட்டார். இனி மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும், நிதியுதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், தம் பணிகளை மாற்றுத்திறனாளிகளுக்கு மறுக்க இயலாது. அவ்விழாவில் இறைவேண்டல் செய்தவர் ஹெரால்டு வில்க் என்னும் கிறிஸ்தவ சபைப் போதகர். பிறவியிலேயே இரு கைகளும் அற்றவர். கையொப்பமிட்ட எழுதுகோலைத் தலைவர் நீட்டியபோது, அவர் அதைத் தம் காலால் பெற்றுக்கொண்டார்.

சட்டம் பிறந்ததால் படிகள் தாமாகக் கரைந்துவிடவில்லை. டென்னசி மாநிலத்தில் போல்க் என்னும் மாவட்டத்தின் நீதிமன்றத்துக்கு மின்தூக்கி கிடையாது. விசாரணை அறை மேல்தளத்தில் இருந்தது. 1996-ஆம் ஆண்டில் குற்றச்சாட்டு ஒன்றுக்கு விடையளிக்க அழைக்கப்பட்ட ஜார்ஜ் லேன், இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவர். முதல் முறை இரண்டு அடுக்குப் படிகளைத் தவழ்ந்தே ஏறினார். மறுமுறை அழைக்கப்பட்டபோது, தவழவும் மாட்டேன், பிறர் என்னைத் தூக்கிச் செல்லவும் ஒப்பேன் என்று கீழேயே இருந்துவிட்டார். நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை என்று கூறி அவரைக் கைது செய்தனர். அதே மாநிலத்தில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்த பெவர்லி ஜோன்ஸ், சக்கர நாற்காலியில் பல நீதிமன்றங்களுக்குள் நுழைய இயலாமல் வேலை வாய்ப்பை இழந்தார். இருவரும் இணைந்து தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இறையாண்மை உடைய மாநிலத்திடம் இழப்பீடு கேட்டு வழக்காட இயலாது என்று மாநிலம் வாதிட்டது. நீதிமன்றத்தை அணுகும் உரிமை அடிப்படை உரிமை. அதனைக் காக்க இயற்றிய சட்டம் மாநிலத்தையும் கட்டுப்படுத்தும் என்று 2004-ஆம் ஆண்டு மே 17 அன்று தீர்ப்பு வந்தது. ஐவர் ஆதரவு, நால்வர் எதிர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி மாறியிருப்பின் முடிவும் மாறியிருக்கும்.

லேன் குற்றமற்ற தியாகி அல்லர். குற்றம் சாட்டப்பட்ட ஒருவர். அதனாலேயே அவருடைய வழக்கு நமக்கு அதிகம் கற்பிக்கிறது. உரிமை என்பது நல்லவருக்குக் கிடைக்கும் பரிசு அன்று. மனிதராய் இருப்பதால் மட்டுமே உரித்தாவது.

திறந்தவையும் திறவாதவையும்

2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அமெரிக்கச் சட்டத்தின் சாயலைத் தன்னகத்தே கொண்டது. பொதுக் கட்டடங்கள் தடையற்றிருத்தல் அதன் ஒன்பதாம் கூறு. இந்தியா 2007-ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்கச் செனட் அவையோ 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று 61-க்கு 38 என்ற வாக்குகளால், வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்குகள் குறைய, அதைக் கைவிட்டது. போரில் காயமுற்றவரும் அவ்வவையின் முன்னாள் தலைவர்களுள் ஒருவருமான பாப் டோல், 89 வயதில் சக்கர நாற்காலியில் வந்து அமர்ந்து ஆதரவு திரட்டியும் பயனில்லை. வழிகாட்டிய நாடே வாயிலில் நின்றுவிட்டது. எனினும் வேறொரு திருத்தம் நிகழ்ந்திருந்தது. 1997-இல் தலைநகரில் திறக்கப்பட்ட ரூஸ்வெல்ட் நினைவகத்தில், அவருடைய சக்கர நாற்காலி தெளிவாகத் தெரியும் சிலை இல்லை என்று மாற்றுத்திறனாளிகள் குரல் எழுப்பினர். அதன் பயனாக 2001-இல் அத்தகைய சிலை அங்கு நிறுவப்பட்டது. மறைக்கப்பட்ட நாற்காலி இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நம்மை நேரே தொடும் கூறு ஒன்று உள்ளது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகங்களையும் கடைகளையும் உணவகங்களையும் கட்டுப்படுத்தியது. ஆனால் சமய நிறுவனங்களுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் விலக்கு அளித்தது. அரசு சமயத்தில் தலையிடலாகாது என்னும் கொள்கையின் அடிப்படையில் அவ்விலக்கைப் புரிந்துகொள்ளலாம். ஆயினும் அதன் விளைவு என்ன? தவறினால் நீதிமன்றத்தின் மீது வழக்குத் தொடரலாம். ஆலயத்தின் மீது தொடர இயலாது. ஆலயத்தின் வாயிலைத் திறக்கச் சட்டம் இல்லை. மனச்சான்று மட்டுமே உண்டு. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். அச்சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1978-ஆம் ஆண்டு நவம்பரில், மாற்றுத்திறனாளிகள் குறித்து அவர்கள் வெளியிட்ட மேய்ப்புப்பணி அறிக்கை, இம்மக்கள் திருச்சபையின் வாழ்வில் முழுமையாகப் பங்கேற்கத் தடையாய் உள்ளவற்றை அகற்றுமாறு அழைத்தது. கட்டடத் தடைகளும் அவற்றுள் அடங்கும்.

திருத்தூதர் பணிகள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவரை நாள்தோறும் சுமந்து வந்து கோவிலின் அழகுவாயிலருகே வைக்கிறார்கள். வாயில் அழகானது. அவர் இருந்ததோ வெளியே. பேதுருவின் வழியாக அவர் நலம் பெற்ற பின் முதலில் செய்தது என்ன என்பதை நாம் பெரும்பாலும் கூர்ந்து நோக்குவதில்லை. அவர் நேரே கோவிலுக்குள் சென்றார். இரந்து பெறும் காசு மட்டுமே அவருடைய தேவை என ஊரார் எண்ணியிருந்தனர். உள்ளே நுழைவதும் அவருடைய ஏக்கமாய் இருந்தது.

வாயிலில் இருப்போருக்குப் பிச்சையிடுவது அறம் என நாம் அறிவோம். அவர் உள்ளே வரத் தடையாய் நிற்பதை அகற்றுவது அதனினும் பெரிய அறம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற எளிய கணக்கு எந்த மொழியிலும் எந்த மண்ணிலும் மாறுவதில்லை. அக்கணக்கை அமெரிக்க அரசுக் கட்டடங்களில் எழுதச் சட்டமும் முற்றுகையும் தீர்ப்பும் தேவைப்பட்டன. தவழ்ந்து ஏறிய ஒரு சிறுமியின் சிராய்த்த முழங்கால்களும் தேவைப்பட்டன. எவரும் கட்டாயப்படுத்தாத நம் ஆலய முற்றங்களில் அதனை எழுத என்ன தேவைப்படும் என்பதை, ஒவ்வொரு பங்கும் தன் வாயிற்படியின் முன் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.